எல்லா மடையும் திறந்திருக்கிறது

முத்தையாபுரத்தைத் தாண்டி முள்ளக்காட்டுப் பக்கம் போனால் சாலைக்கு இரு புறமும் உப்பளம். விடியற்காலையில் அங்கே தரைதான் முதலில் வெளுக்கும், வானம் அதற்குப் பிறகு. அந்த நேரத்திலேயே ஆட்கள் பாத்தியில் இறங்கியிருப்பார்கள். வெயில் ஏறிவிட்டால் உப்பில் பட்டுத் திரும்பும் ஒளியில் கண்ணைத் திறந்து வைத்திருக்க முடியாது.

பங்குனி மாதம் அப்படியொரு காலையில், உறவுக்காரர் ஒருவரின் அளத்தில் நின்றிருந்தேன். போர்க் கிணற்றிலிருந்து உப்புத்தண்ணீரை இறைத்துத் தெப்பத்தில், அதாவது தேக்கி வைக்கும் குளத்தில், விடும் மோட்டார் இரண்டு நாளாக ஓடவில்லை. சுவிட்சைப் போட்டால் உறுமுகிறது, தண்டு அசைய மாட்டேன் என்கிறது. "கரண்ட்டு கம்மியா வருது அண்ணாச்சி" என்றார் உறவுக்காரர், வந்திருந்த எலக்ட்ரீஷியனிடம். அண்ணாச்சிக்கு அறுபது வயது இருக்கும். பதில் சொல்லாமல் பையிலிருந்து மல்டிமீட்டரை எடுத்து மோட்டார் முனையில் வைத்தார். 228 வோல்ட்.

"முழுசா இருக்குல்லா?"

"அப்ப மோட்டார்தான் போச்சா?"

"போடுங்க, பாப்போம். மூணு செகண்டுக்கு மேல வச்சிராதிய, காயில் கருகிரும்."

சுவிட்சைப் போட்டதும் மோட்டார் உறுமியது. மீட்டரில் 228 சரிந்து 145-க்கு வந்து நின்றது. அணைத்தார்கள். மறுபடி 228.

அண்ணாச்சி மோட்டாரை விட்டுவிட்டு வரப்பு வழியே நடக்க ஆரம்பித்தார். மின்கம்பம் அங்கிருந்து ஏறக்குறைய 300 மீட்டர். சவுக்குக் கம்பு நட்டு அதன் மேல் இழுத்துக் கட்டிய அலுமினிய வயர். பாதி வழியில் கருகிய டேப் சுற்றிய ஓர் இணைப்பு. டேப்பைப் பிரித்தால் உள்ளே வெள்ளைத் தூள். மீட்டரின் ஒரு முள்ளை இணைப்புக்கு இந்தப் பக்கம் வைத்தார், இன்னொன்றை அந்தப் பக்கம். நடுவில் நாலு விரற்கடை. போனில் சொல்லிச் சுவிட்சைப் போடச் சொன்னார். மீட்டர் 31 காட்டியது.

நான் இயற்பியல் படித்தவன். ஓம் விதியைத் தேர்வில் பிழையில்லாமல் எழுதியிருக்கிறேன். ஆனால் ஒரே கம்பியில், நாலு விரல் அகலத்துக்குள், 31 வோல்ட் தொலைந்துபோவதை அதுவரை கண்ணால் பார்த்ததில்லை. "ஓல்டேஜ் இங்கன சாவுது தம்பி" என்றார் அண்ணாச்சி. ஓம் விதியை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன ஆசிரியர் எனக்கு வாய்க்கவில்லை.

*

உப்பளத்தில் நிற்கும்போது இந்த விதியைச் சொல்ல உவமை தேடி அலைய வேண்டியதில்லை. தெப்பத்தில் தண்ணீர் உயரத்தில் நிற்கிறது. பாத்தி தாழ்வில் இருக்கிறது. மடையைத் திறந்தால் தண்ணீர் இறங்குகிறது. எவ்வளவு வேகமாக இறங்கும் என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: மேட்டுக்கும் தாழ்வுக்கும் உள்ள உயர வித்தியாசம், இடையிலுள்ள வாய்க்காலின் குறுகலும் நீளமும். உயர வித்தியாசத்துக்கு மின்சாரத்தில் மின்னழுத்தம் என்று பெயர், அளவு வோல்ட். வாய்க்காலின் முரண்டுக்கு மின்தடை, அளவு ஓம். இறங்கும் தண்ணீருக்கு மின்னோட்டம், அளவு ஆம்பியர். ஒரு வோல்ட் வித்தியாசத்தில் ஒரு ஓம் தடை வழியாக ஓர் ஆம்பியர் ஓடும். வோல்ட் என்பது ஆம்பியரை ஓமால் பெருக்கிய தொகை. விதி அவ்வளவுதான்.

உவமை ஓர் இடத்தில் உதவாது. வாய்க்கால் உடைந்தால் தண்ணீர் வெளியே கொட்டும். கம்பி அறுந்தால் மின்சாரம் கொட்டாது, நின்றுபோகும். சுற்று முழுமையாக இருந்தால்தான் ஓட்டம் உண்டு. சுவிட்சைப் போடாதபோது மீட்டர் ஏன் 228 காட்டியது என்பதற்கும் விடை இதுதான். ஓட்டம் இல்லை. ஓட்டம் சுழி என்றால், அதை எத்தனை ஓமால் பெருக்கினாலும் சுழிதான். கெட்டுப்போன இணைப்பில்கூட வோல்ட் இழப்பு இல்லை. மோட்டார் தண்ணீர் கேட்கும்போதுதான் வாய்க்கால் அடைத்திருப்பது தெரியவருகிறது. டெஸ்டர் வைத்துப் பார்த்து "கரண்ட் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போகிற எத்தனையோ பேர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். டெஸ்டரின் நியான் விளக்கு எரிய மிக அற்பமான ஓட்டம் போதும். பாதி அரித்த கம்பியிலும் அது பளிச்சென்று எரியும்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 10 சதுர மில்லிமீட்டர் அலுமினிய வயர், போக 300 மீட்டர், வர 300 மீட்டர். அதன் தடை 1.7 ஓம். அரித்த இணைப்பு சுமார் 1 ஓம். மோட்டார் ஓட ஆரம்பிக்கும் முன், தண்டு நிற்கும் நிலையில், ஏறத்தாழ 4.6 ஓம் தடையைப் போல நடந்துகொள்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். (சுருளுக்கு ஏசியில் வேறு வகை எதிர்ப்பும் உண்டு, நம் காரியத்துக்கு இந்தத் தோராயம் போதும்.) மூன்றையும் கூட்டினால் 7.3 ஓம். 230 வோல்ட்டை அதனால் வகுத்தால் 31.5 ஆம்பியர். இந்த 31.5 சுற்று முழுவதிலும் ஒன்றே. அதை ஒவ்வொரு தடையாலும் தனித்தனியே பெருக்கினால் மோட்டாரில் 145 வோல்ட், இணைப்பில் 31.5, வயரில் 53.5. கூட்டினால் மறுபடி 230. கம்பத்திலிருந்து புறப்பட்டதில் ஒரு வோல்ட்கூட யாரும் திருடவில்லை. வழியில் எந்தெந்த இடத்தில் எவ்வளவு செலவாயிற்று என்பதற்குத்தான் கணக்கு. இப்படிக் கூட்டிச் சரிபார்க்கும் விதியைக் கிர்க்காஃப் என்ற ஜெர்மன் மாணவர் 1845-இல் எழுதினார்.

மோட்டாரின் தொடக்க முறுக்கு விசை மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு ஏறி இறங்கும். 145 வோல்ட்டில் கிடைப்பது முழு விசையில் 40 சதவீதம்தான். உறுமல் அதனால்தான்.

*

ஜார்ஜ் சைமன் ஓம் 1789-இல் ஜெர்மனியின் எர்லாங்கனில் பூட்டுச் செய்பவரின் மகனாகப் பிறந்தவர். கொலோன் நகரப் பள்ளியில் கணக்கும் இயற்பியலும் சொல்லிக்கொடுத்தார். பள்ளியின் ஆய்வுக்கூடத்தில் அவர் பட்ட முதல் துன்பம் மின்கலத்தால் வந்தது. அந்தக் காலத்து மின்கலத்தில் கம்பியை இணைத்த நொடியில் ஓர் அளவு, கொஞ்ச நேரத்தில் வேறோர் அளவு. தெப்பத்தின் தண்ணீர் மட்டமே ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் வாய்க்காலைப் பற்றி என்ன கண்டுபிடிக்க முடியும்? 1825-இல் அவர் வெளியிட்ட முதல் சூத்திரம் தவறாகப் போனது.

பொகண்டோர்ஃப் என்ற இதழாசிரியர் வேறு வழி சொன்னார். இரண்டு உலோகங்களைச் சேர்த்து ஒரு முனையைச் சுடவைத்து மறுமுனையைக் குளிரவைத்தால் சிறிதளவு மின்னழுத்தம் பிறக்கும். வெப்பநிலை மாறாத வரை அதுவும் மாறாது. ஓம் பிஸ்மத்தையும் செம்பையும் சேர்த்தார். ஒரு முனை கொதிக்கும் தண்ணீரில், மறுமுனை பனிக்கட்டியில். இப்போது தெப்பத்தின் மட்டம் அசையவில்லை. 2 அங்குலத்திலிருந்து 130 அங்குலம் வரை எட்டுச் செம்புக் கம்பிகளை ஒவ்வொன்றாக இணைத்து, மேலே தொங்கிய காந்த ஊசி எவ்வளவு விலகுகிறது என்று குறித்தார்.

2 அங்குலக் கம்பியை 4 அங்குலமாக்கினால் ஓட்டம் பாதியாக வேண்டும் என்று நமக்குத் தோன்றும். அவருடைய ஊசியோ சுமார் 326-இலிருந்து 300-க்குத்தான் இறங்கியது. கம்பியின் நீளத்தோடு 20 அங்குலத்துக்குச் சற்று மேலான ஒரு மாறாத எண்ணைக் கூட்டிய பிறகே எட்டுக் கம்பிகளின் கணக்கும் நேர்வந்தது. அந்தக் கூடுதல் எண் வேறொன்றுமில்லை, சோதிக்கும் கம்பி நீங்கலாக மீதிச் சுற்றின் தடை. அவர் கண்ணில் பட்டது கம்பி, கணக்கில் வந்ததோ முழு வட்டம். முள்ளக்காட்டு வரப்பில் அண்ணாச்சி மோட்டாரை விட்டு நடந்து போனதும் அந்த மீதிச் சுற்றைத் தேடித்தான்.

1827-இல் ஓம் இதைப் புத்தகமாக வெளியிட்டார். சொந்த நாட்டில் வரவேற்பு சரியாக இல்லை, பள்ளி வேலையையும் விட்டார். லண்டன் ராயல் சொசைட்டி 1841-இல் காப்லி பதக்கம் கொடுத்தது. மியூனிக் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி 1852-இல் வந்தபோது அவருக்கு 63 வயது. இரண்டே ஆண்டில் இறந்துபோனார்.

*

ஆனால் ஓமுக்கு நாற்பத்தைந்து ஆண்டு முன்பே ஒருவர் இந்த விதியைத் தொட்டிருந்தார். அவர் கையில் இருந்தது உப்புத்தண்ணீர். நம் கரைக்காரர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டிய கதை அது.

மன்னார் வளைகுடாவில் வலை இழுக்கிறவர்களுக்கு மின் திருக்கையைத் தெரியும். மணலோடு மணலாகக் கிடக்கும் தட்டையான மீன், தொட்டால் கையைக் கிறுக்கென்று உதறவைக்கும். 1770-களில் லண்டன் அறிஞர்களிடையே இதைப் பற்றி ஒரு சண்டை. இந்த அதிர்ச்சி மின்சாரம்தான் என்று ஜான் வால்ஷ் சொன்னார். மற்றவர்கள் கேட்டார்கள்: மின்சாரம் என்றால் பொறி எங்கே? மேலும், கடல்நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துமே. சுற்றிலும் அவ்வளவு சுலபமான வழி இருக்கும்போது மின்சாரம் எதற்காக மனிதக் கைக்குள் நுழைய வேண்டும்?

இரண்டாவது கேள்விக்குள் இருக்கும் நம்பிக்கை இன்றும் பள்ளிக்கூடங்களில் உலவுகிறது. மின்சாரம் தடை குறைந்த வழியில் போகும் என்று சொல்லிக்கொடுக்கிறோம். ஓமுக்கு முன்பே விதியைத் தொட்டவர் என்று நான் சொன்ன அந்த ஒருவர், ஹென்றி கேவண்டிஷ், அதை ஏற்கவில்லை. பல வழிகள் இருந்தால் மின்சாரம் எல்லா வழிகளிலும் ஒரே நேரத்தில் போகும். தடை குறைந்த வழியில் அதிகமாகவும் தடை கூடிய வழியில் குறைவாகவும் பங்கு பிரியும் என்றார். தெப்பத்தில் நாலு மடை திறந்தால் அகல மடையில் மட்டுமா தண்ணீர் போகிறது? நாலிலும்தான் போகிறது. குறுகல் மடைக்குக் குறைந்த பங்கு, அவ்வளவே. திருக்கையின் மின்சாரத்தில் பெரும்பங்கு கடல்நீரில் ஓடுகிறது. சிறுபங்கு கைக்குள்ளும் ஓடுகிறது, உதறவைக்க அது போதும்.

வாயால் சொன்னதோடு கேவண்டிஷ் நிற்கவில்லை. ஒரு மீனையே செய்தார். முதலில் மரத்தில் செய்தார், அது மீனின் சதையளவு மின்சாரத்தைக் கடத்தவில்லை. பிறகு கனத்த தோலைத் திருக்கை வடிவத்தில் வெட்டி, உப்புத்தண்ணீரில் ஊறவைத்து, இரு புறமும் உலோகத் தகடு பதித்து, மின்சாரத்தைச் சேமிக்கும் 49 லேடன் ஜாடிகளோடு இணைத்து உப்புத்தண்ணீர்த் தொட்டியில் போட்டார். 1775-இல் நண்பர்களை அழைத்துத் தொடச் சொன்னார். தொட்டவர்களின் கை உதறியது. பொறியைக் காணோம். அழுத்தம் குறைவு, அளவு அதிகம் என்று அவர் விளக்கினார். இன்றைய சொல்லில் வோல்ட் குறைவு, ஆம்பியர் அதிகம்.

அந்தக் காலத்தில் ஓட்டத்தை அளக்கும் மீட்டர் கிடையாது. கேவண்டிஷ் தன் உடம்பையே மீட்டராக்கினார். ஒரு கண்ணாடிக் குழாயில் உப்புத்தண்ணீரை நிரப்பி, அதன் வழியே வரும் அதிர்ச்சியைத் தன் கையில் வாங்கினார். அடுத்து வேறொரு கரைசல் உள்ள குழாய் வழியே வாங்கினார். குழாய்க்குள் இருக்கும் கம்பியை மேலும் கீழும் நகர்த்தி, இரண்டு அதிர்ச்சியும் ஒரே அளவாக உறைக்கும் இடத்தைக் குறித்தார். இப்படி நூற்றுக்கணக்கான முறை. 1776-இல் அவர் அச்சிட்ட முடிவுகள்: இரும்புக் கம்பி மழைத்தண்ணீரைவிட 40 கோடி மடங்கு நன்றாகக் கடத்தும், கடல்நீர் மழைத்தண்ணீரைவிட 100 மடங்கு, உப்பு இனிக் கரையாத அளவுக்குச் செறிந்த தண்ணீர் 720 மடங்கு.

முதலிரண்டு எண்களை வகுத்துப் பாருங்கள். கடல்நீரைவிட இரும்பு 40 லட்சம் மடங்கு என்று வருகிறது. இன்றைய கருவிகள் 20 லட்சத்தை ஒட்டிச் சொல்கின்றன. தன் கையின் துடிப்பை மட்டும் நம்பிய மனிதர் இரண்டு மடங்குக்குள் வந்து நின்றிருக்கிறார். இதை முதலில் கணக்கிட்டுப் பார்த்த அன்று நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நடந்தேன்.

1781-இல் கேவண்டிஷ், அழுத்தமும் ஓட்டமும் ஒரே விகிதத்தில் ஏறுகின்றன என்று தன் குறிப்பேட்டில் எழுதினார். வெளியிடவில்லை. கூச்ச சுபாவி, தனிமையை விரும்பியவர். அந்தக் காகிதங்களை இயற்பியலாளர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் தொகுத்து 1879-இல் பதிப்பித்தபோதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. கேவண்டிஷ் செய்ததுபோல் தன் உடம்பிலும் ஆய்வுக்கூடத்துக்கு வந்தவர்கள் உடம்பிலும் மேக்ஸ்வெல் சோதித்துப் பார்த்தார்.

திருக்கைக்கே திரும்புவோம். அதன் இரு பக்கமும் தேன்கூட்டு அறைகள் போல நிமிர்ந்து நிற்கும் தசைத்தூண்கள். ஒரு பக்கத்தில் சுமார் 470 தூண் என்று 1773-இல் உடற்கூறியலாளர் ஜான் ஹன்டர் எண்ணினார். ஒவ்வொரு தூணிலும் மெல்லிய தட்டுகள் ஒன்றன் மேல் ஒன்றாக நூற்றுக்கணக்கில். ஒரு தட்டு ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான் தரும். தட்டுகள் தொடராக அடுக்கியிருப்பதால் வோல்ட் கூடுகிறது, தூண்கள் இணையாக நிற்பதால் ஆம்பியர் கூடுகிறது. கடலில் வாழும் பெரிய மின் திருக்கைகள் 50 வோல்ட் அளவில்தான் அடிக்கும். அமேசான் ஆற்றின் மின்விலாங்கு 600 வோல்ட்டைத் தாண்டும். 2019-இல் ஓர் இனத்தில் 860 வோல்ட் அளந்தார்கள். விலாங்கு வாழ்வது நன்னீரில். அதன் தடை அதிகம், உயர்ந்த அழுத்தம் இல்லாமல் ஓட்டம் நகராது. அதனால் விலாங்கின் நீண்ட உடம்பில் தட்டுகள் ஆயிரக்கணக்கில் தொடராக நிற்கின்றன. திருக்கை வாழ்வது உப்புக்கடலில், குறைந்த அழுத்தமே அதற்குப் போதும், ஓட்டம்தான் நிறைய வேண்டும். அதற்குத் தூண்கள் பக்கத்தில் பக்கத்தில். இரண்டு மீனின் உடம்பும் தாம் வாழும் தண்ணீரின் ஓமுக்கு ஏற்ப வளர்ந்திருக்கிறது.

*

முத்துக்குளித்துறை என்று பெயர் வாங்கிய கரை இது. தொலையிரம் பார் போன்ற முத்துப்பார்களில் 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடக்கவில்லை. சங்கு குளிப்பவர்கள் இன்றும் இறங்குகிறார்கள். கடலுக்குள் இருக்கும் மனித உடம்பை ஒரு மடையாக நினைத்துப் பாருங்கள். நம் உடம்புநீரில் உப்பு ஒரு சதவீதத்துக்கும் கீழ், கடல்நீரில் மூன்றரை சதவீதம். உடம்புச் சதையைவிடக் கடல்நீர் பத்து மடங்கு அளவில் நன்றாகக் கடத்தும். தண்ணீரில் மின்சாரம் கசிந்தால் கடலில் அதன் பெரும்பங்கு உடம்பைச் சுற்றிக்கொண்டு போகும். கிணற்றிலோ குளத்திலோ நிலைமை தலைகீழ். நல்ல தண்ணீர் மோசமான கடத்தி, உப்பு நிறைந்த உடம்பு அதைவிட நல்ல மடை. மின்கசிவு உள்ள தண்ணீரில் நீந்தி இறப்பவர்களில் பெரும்பாலோர் நன்னீரில் இறப்பதற்கு இது ஒரு காரணம். கடல் என்றால் பயமில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பங்கு குறைகிறது, சுழியாகவில்லை.

கரையேறியதும் உப்பு கட்சி மாறுகிறது. உலர்ந்த தோலின் தடை ஒரு லட்சம் ஓம் வரை இருக்கும். 230 வோல்ட்டை ஒரு லட்சத்தால் வகுத்தால் 2.3 மில்லி ஆம்பியர், சுள்ளென்று ஓர் அடி. உப்புத்தண்ணீரில் ஊறிய கையும் காலும் என்றால் தடை 1,000 ஓமுக்கு இறங்கிவிடும். அதே 230 வோல்ட், இப்போது 230 மில்லி ஆம்பியர், உயிர் போகிற அளவு. சாயந்தரம் உலர்ந்த கையால் தொட்டபோது லேசாக அடித்த அதே மெஷின் காலையில் ஊறிய கையால் தொட்டால் ஆளைக் கொல்லும். மின்சாரம் மாறவில்லை, தோலின் ஓம் மாறிவிட்டது.

இதை எழுதும்போது அந்த அளத்தின் எர்த் கம்பி கண்முன் வருகிறது. மோட்டார் கூட்டிலிருந்து இறங்கி, உப்பு மண்ணில் புதைந்து, துருவாகவே மாறிவிட்டிருந்தது. கூடு நன்றாக இருக்கிறது, எர்த்தும் போட்டிருக்கிறது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் உள்ளே ஃபேஸ் வயர் உரசிக் கூட்டைத் தொடுகிறது என்று வையுங்கள். எர்த் நல்ல நிலையில் 2 ஓம் என்றால், வயரின் 1.7 ஓமில் போகும் பாதியை மட்டும் சேர்த்து 80 ஆம்பியர் அளவில் பாயும். 15 ஆம்பியர் ஃபியூஸ் உடனே போய்விடும். ஆள் பிழைத்தார். துருவேறி எர்த் 100 ஓம் ஆகிவிட்டால்? பாய்வது 2.3 ஆம்பியர்கூட இல்லை. ஃபியூஸுக்கு அது ஒரு பல்பு எரிவது போல. அது போகாது. மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். கூட்டின் மேல் 228 வோல்ட் நின்றுகொண்டிருக்கும். உப்புத்தண்ணீரில் வெறுங்காலோடு நிற்பவர் அதைத் தொட்டால் அவரும் ஒரு மடை, 1,000 ஓம் மடை. 100 ஓம் துருவுக்குப் பத்துப் பங்கு, அவருக்கு ஒரு பங்கு. அந்த ஒரு பங்கு 228 மில்லி ஆம்பியர். தடை குறைந்த வழியில்தான் மின்சாரம் போகும் என்று படித்தவன் இங்கே எர்த் காப்பாற்றும் என்று நினைப்பான். எல்லா வழியிலும் போகும் என்று படித்தவன் ஆர்.சி.சி.பி. வாங்கி மாட்டுவான். போகிற கரண்ட்டும் திரும்பும் கரண்ட்டும் சமமாக இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் கண்டால் கண்ணிமைப்பதற்குள் அணைத்துவிடும். பாத்தியில் இறங்கி வேலை செய்கிறவர்கள் இருக்கும் எந்த மோட்டாருக்கும் அது இல்லாமல் இணைப்புக் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

உப்பு மேலேயும் ஏறுகிறது. கடற்காற்று கொண்டுவரும் துகள் மின்கம்பத்துப் பீங்கான்களின் மேல் படிகிறது. காய்ந்த உப்பு கடத்தாது, பகலில் ஒன்றும் தெரியாது. மார்கழிப் பனி இறங்கினால் அந்தப் படலம் நனைந்து கம்பிக்கும் கம்பத்துக்கும் நடுவே ஒரு புது மடை திறக்கிறது. விடியற்காலையில் கம்பத்தடியில் நின்றால் சடசடவென்று பொரியும் ஓசை கேட்கும், சில நாள் நீல வெளிச்சமும் தெரியும். முற்றினால் மின்சாரம் பீங்கானின் மேலேயே பாய்ந்து லைன் டிரிப் ஆகும். இதற்கு மருந்தும் ஓம் கணக்குத்தான்: வழியின் நீளத்தைக் கூட்டினால் தடை கூடும். மாசு மிகுந்த கடற்கரைக்கு ஒவ்வொரு கிலோவோல்ட்டுக்கும் 31 மில்லிமீட்டர் மேற்பரப்பு வழி வேண்டும் என்பது பொறியாளர்களின் அளவு. 245 கிலோவோல்ட் தாங்கும் லைனுக்கு அது ஏழரை மீட்டருக்கு மேல் வருகிறது. அவ்வளவு வழியையும் குடை குடையாக மடித்து, ஏறக்குறைய அதில் பாதியோ அதற்கும் குறைவோ ஆன தொங்கலுக்குள் அடக்கிவிடுகிறார்கள். பீங்கானின் அந்த மடிப்புகள் அழகுக்கு என்று சின்ன வயதில் நினைத்திருக்கிறேன்.

துறைமுகத்தை ஒட்டிய அனல்மின் நிலையத்தில் 210 மெகாவாட் இயந்திரங்கள் ஐந்து. ஒவ்வொன்றும் 15,750 வோல்ட்டில் ஏறத்தாழ 9,000 ஆம்பியர் தரும். கம்பியில் வீணாகும் வெப்பம் ஓட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கிய அளவு. அப்படியே வெளியே அனுப்பினால் கம்பிகள் அடுப்பாகிவிடும். அதனால் 2,30,000 வோல்ட்டுக்கு ஏற்றுகிறார்கள். ஓட்டம் 620 ஆம்பியரை ஒட்டி இறங்குகிறது, அதே கம்பியில் இழப்பு 200-இல் ஒரு பங்குக்கும் கீழே போகிறது. நம் அளத்தின் அரித்த இணைப்பிலும் இதே கணக்குத்தான். மோட்டார் எப்படியோ ஓடி 10 ஆம்பியர் இழுத்தால், அந்த 1 ஓம் இணைப்பு 100 வாட் வெப்பத்தைக் கக்கும். டேப் கருகியிருந்ததற்குக் காரணம் வெயில் இல்லை.

*

அண்ணாச்சி இணைப்பை வெட்டி எறிந்தார். இரு முனையையும் உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, அலுமினிய ஸ்லீவுக்குள் செருகி நசுக்கி, கிரீஸ் பூசி மூடினார். உப்புத்தாள் என்று அதற்குப் பெயர் இருப்பதை அன்றுதான் கவனித்தேன். மறுபடி சுவிட்சைப் போட்டதும் மீட்டர் 168-க்கு இறங்கியது, மோட்டார் கிழவனைப்போல முனகி எழுந்து பிறகு ஓடிவிட்டது. முழு விசையில் பாதியை ஒட்டித்தான் கிடைக்கிறது, வயர் மெலிசு என்றார். அடுத்த வாரம் 25 சதுர மில்லிமீட்டர் வயர் இழுத்தார்கள். புது எர்த் போட்டு, சுற்றிலும் கரியும் மண்ணும் கொட்டினார்கள். ஆர்.சி.சி.பி. மாட்டினார்கள். செலவைப் பார்த்து உறவுக்காரர் முகம் சுண்டியது, ஆனாலும் கொடுத்தார்.

அன்று சுவிட்சைப் போட்ட கணத்தில் மீட்டர் 200-இல் ஒரு நொடி தயங்கி உடனே ஏறிவிட்டது. குழாயிலிருந்து உப்புத்தண்ணீர் தெப்பத்தில் விழ ஆரம்பித்தது. அண்ணாச்சி மட்டும் போகவில்லை. வரப்பில் நடந்து போய், புது வயரில் தான் போட்ட இணைப்பின் இரு பக்கமும் முள்ளை வைத்துப் பார்த்தார். 0.1 என்று காட்டியது. சட்டை நுனியால் முள்ளின் உப்பைத் துடைத்து மீட்டரைப் பைக்குள் வைத்தார்.